வட்டம் கொடுத்தவர்கள்

சிதம்பரத்தில் காசுக்கடைத் தெரு என்றொரு தெரு உண்டு. பெயரைக் கேட்டுக் காசு மாற்ற அங்கே செல்வோர் ஏமாற்றமே அடைவர். ஒரு காலத்தில் பொன்னையும் வெள்ளியையும் செம்பையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தந்த கடைகள் மறைந்து, நகைக்கடைகள் அவ்விடத்தைப் பெற்றுக்கொண்டன. தொழில் போய்விட்டது, பெயர் மட்டும் பலகைகளில் நிற்கிறது.

அந்தத் தொழிலைப் பற்றி நாம் எண்ணத் தொடங்கியது அத்தெருவில் அன்று. அந்நகரின் வேறொரு பகுதியில், ஒரு மருந்துக்கடை வாசலில். நமக்கு முன்னே ஒரு மூதாட்டி நின்றார். இரத்த அழுத்த மாத்திரை வாங்கினார். விலை 64 ரூபாய். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்து நீட்டினார். கடைக்காரர் மேசைமீது ஒட்டியிருந்த தாளைச் சுட்டிக் காட்டினார். ‘200 ரூபாய்க்குக் குறைவாக அட்டை ஏற்கப்படாது’ என்று அதில் எழுதியிருந்தது.

“எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி” என்றார் மூதாட்டி.

“எரநூறு ரூபாய்க்கு வாங்கினாத்தான் கார்டு போடலாம் ஆயா. இல்லேன்னா காசாக் குடுங்க.”

காசு அவரிடம் இல்லை. சற்று நேரம் நின்று யோசித்தார். பிறகு ஒரு சத்துமாவுப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கினார். கணக்கு 200-ஐத் தாண்டியது. கடைக்காரர் அட்டையை இயந்திரத்தின்மேல் தொட்டு எடுத்தார். இரகசிய எண் கூடக் கேட்கவில்லை. ஒரு நொடியில் வேலை முடிந்தது. 64 ரூபாய்க்கு வந்தவர் 200-க்கும் மேல் செலவழித்துத் திரும்பினார். சத்துமாவு அவருக்குத் தேவையாய் இருந்ததா என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்படிச் சிறிய தொகைக்கு வாசலை அடைப்பது புதிய வழக்கமன்று. நாணயம் புழங்கத் தொடங்கிய நாள்முதலே, சிறிய காசை வைத்திருப்பவரிடம் உலகம் ஏதேனும் ஒரு கூலியைப் பிடித்துக்கொண்டுதான் அதை ஏற்றிருக்கிறது. நம் முன்னோர் அதற்கு ‘வட்டம்’ என்று பெயரிட்டனர். வட்டி கடனுக்கு உரியது. வட்டம் மாற்றுக்கு உரியது. ஒரு நாணயத்தைக் கொடுத்து வேறொன்றைப் பெறும்போது இடையில் கழிக்கப்படும் தொகையே வட்டம்.

நாணயத்தைச் சோதித்து மதிப்புச் சொல்வோர் தமிழகத்தில் மிகப் பழங்காலத்திலேயே இருந்தனர். அவர்களுக்கு ‘வண்ணக்கர்’ என்று பெயர். சங்கப் புலவர்களுள்ளும் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்றோர் இப்பெயரைத் தாங்கி நிற்கின்றனர். பிற்காலத்தில் நோட்டக்காரர் என்றும், அரபு வழிவந்த சொல்லால் சராப் என்றும் அவர்களை அழைத்தனர். அரசுக் கருவூலங்களில் சராப் என்ற பதவி நெடுங்காலம் நிலைத்திருந்தது. காசைக் கல்லில் தட்டி ஓசை கேட்டு, உரைத்து, எடை பார்த்து, இது இத்தனை மாற்று என்று சொல்லுவது அவர் பணி. அவ்வறிவுக்குக் கூலி உண்டல்லவா? அதை அநியாயம் என்று நாம் சொல்ல வரவில்லை. அக்கூலியை யார் கொடுத்தார் என்பதே நம் கேள்வி.

இதற்குக் கடலூரின் வரலாறு நல்ல சான்று. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனியார், சென்னையில் எலிகு யேல் ஆளுநராயிருந்த காலத்தில், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் கண்ட அளவுகோல் விந்தையானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு உரியவை. அதற்கென்றே சென்னையிலிருந்து பெரிய பீரங்கியொன்று கொண்டுவரப்பட்டது. அவ்வாறு உட்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கியது. குண்டு ஒரு வயலின் இப்புறம் விழுந்தால் ஒரு சட்டம், அப்புறம் விழுந்தால் வேறொரு சட்டம். மருந்துக்கடைத் தாளில் இருந்த 200 என்ற எண்ணைக் கண்டபோது இந்தப் பீரங்கிதான் நம் நினைவுக்கு வந்தது. ஏன் 150 இல்லை, ஏன் 250 இல்லை என்று கேட்டால் குண்டு அங்கே விழுந்தது என்பதைத் தவிர வேறு மறுமொழி கிடைக்காது.

கம்பெனி கடலூரில் வந்து அமர்ந்தது துணிக்காக. பொன் நாணயமான வராகன் மேல்தட்டில் புழங்கியது. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்திற்கு 80 காசு என்பது சென்னைக் கணக்கு. ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. இடையில் பத்துக் காசு கொண்ட துட்டு இருந்தது. (துட்டு என்ற சொல்லே டச்சுக்காரரின் சிறு செப்பு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர். தேவனாம்பட்டினத்திலும் பறங்கிப்பேட்டையிலும் ஆங்கிலேயருக்கு முன்பே அவர்கள் கடை விரித்திருந்தனர்.) வராகனிலும் பல வகை. சென்னையின் நட்சத்திர வராகன் ஒன்று. அதனினும் மாற்றுக் குறைந்த பறங்கிப்பேட்டை வராகன் மற்றொன்று. ஏட்டுக் கணக்கு ஒன்றாயிருக்க, கடைவீதி விலையோ நாள்தோறும் ஏறியும் இறங்கியும் வந்தது.

இந்த அமைப்பில் பெருவணிகர் வராகனில் வாங்கி வராகனில் விற்றார். அவர் காசுக்கடைக்குச் செல்ல வேண்டிய தேவை குறைவு. நெசவாளரோ, மீனவரோ, கூலியாளோ செம்பிலேயே வாழ்ந்தனர். அரிசிக்கும் உப்புக்கும் செம்பு போதும். வரிக்கும் கடனுக்கும் உயர்ந்த நாணயம் வேண்டும். கீழிருந்து மேலே ஏறும் ஒவ்வொரு படியிலும் சராப் அமர்ந்திருந்தார். ஒவ்வொரு படியிலும் வட்டம் கழிந்தது. ஆயிரம் வராகனைச் சோதிக்க ஆகும் உழைப்பும் பத்துப் பணத்தைச் சோதிக்க ஆகும் உழைப்பும் அதே விகிதத்தில் கூடிக் குறைவதில்லை. சில்லறையை எண்ணுவதே பெரும் பாடு. ஆகவே, விகிதம் பார்த்தால், சிறிய தொகைக்கே வட்டம் மிகுந்தது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. ஆங்கிலேயர் நம் காசை ‘கேஷ்’ என்று எழுதினர். அது போர்த்துக்கீசியர் வாய்வழிச் சென்ற தமிழ்ச் சொல். ரொக்கப் பணத்தைக் குறிக்க அவர்கள் வழங்கும் ‘கேஷ்’ வேறு; அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. ஒலியால் ஒன்றாகிவிட்ட இரு சொற்கள். ‘கேஷ்லெஸ்’ என்று இன்று முழங்கும் விளம்பரங்கள் நம் காசை நினைத்து முழங்கவில்லை.

வட்டத்தை விவிலிய வாசகர்கள் வேறோர் இடத்திலும் சந்தித்திருக்கிறார்கள். எருசலேம் ஆலயத்தில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளை ஆண்டவர் கவிழ்த்தார் என்று வாசிக்கிறோம். அம்மேசைகள் ஏன் அங்கிருந்தன என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. வயதுவந்த யூத ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஆலயத்துக்கு அரைச் செக்கேல் வரி செலுத்த வேண்டும். தீர் நகரத்து வெள்ளி நாணயமே அதற்கு ஏற்புடையது. ஊர் ஊராக வேறு வேறு காசுடன் வந்த திருப்பயணிகள் அதை மாற்றியாக வேண்டும். மாற்றினால் ஒரு சிறு கூலி தர வேண்டும். யூதரின் மிஷ்னா நூலில் அக்கூலிக்கு ‘கோல்போன்’ என்று பெயர் காண்கிறோம். வரி எல்லாருக்கும் ஒன்றே. செல்வருக்கும் அரைச் செக்கேல், ஏழைக்கும் அரைச் செக்கேல். அதே ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியிலோ கைம்பெண் ஒருத்தி இரண்டு செப்புக் காசுகளைப் போட்டாள். அதைப் போடாதே என்று தடுக்கப் பெட்டியின்மேல் எந்த எண்ணும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கடலூருக்குத் திரும்புவோம். 1818-இல் சென்னை மாகாணத்தில் வராகன் விலகி ரூபாய் அளவையாயிற்று. 1835-இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்னும் தம்பிடி. நாணய வகைகள் ஒன்றானதால் காசுக்கடையின் தேவை மெல்லத் தேய்ந்தது. வட்டம் ஒழிந்தது என்றே நம் பாட்டன்மார் மகிழ்ந்திருக்கக் கூடும். ஆனால் சில்லறைப் பஞ்சம் அவ்வப்போது அதை வேறு உருவில் அழைத்து வந்தது. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, 1917 நவம்பரில் ஒரு ரூபாய்த் தாளும், 1918 ஜனவரியில் இரண்டு ரூபாய் எட்டணாத் தாளும் அச்சிடப்பட்டன. இரண்டாம் போரின்போது செம்பை மிச்சப்படுத்த 1943-இல் நடுவில் துளையிட்ட காலணா வந்தது. அந்த ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சிறுவர்கள் பிறகு முதியோராகி அக்கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அரசு பட்டியலிட்டது. நாலணாவுக்கு ஒரே முறையாக வாங்கியவருக்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஓர் அணாவுக்கு நான்கு முறை வாங்கியவர் பட்டியல்படி 24 கொடுத்தார்; அவருக்கு ஒரு பைசா இலாபம். ஆனால் ஓரணாப் பண்டத்துக்குக் கடைக்காரர் ஏழு கேட்டால் 28 கொடுத்தார். சிறுகச் சிறுக வாங்குவோரின் பையிலேயே இந்தக் கால் பைசாச் சண்டை நடந்தது. மாத மளிகையை மொத்தமாக வாங்கிய வீடுகள் அதை அறியவே இல்லை.

அதன்பின் ஒவ்வொரு நாணயமாக மறைந்தது. 2011 ஜூன் 30-உடன் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவையாயின. மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் தரும் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே. அந்த மிட்டாயைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் வாங்குவதில்லை. அது ஒருவழி நாணயம். பத்து ரூபாய் நாணயத்தைத் தமிழகத்துக் கடைகள் பலவும் வாங்க மறுத்த கதையும் நம் கண்முன்னே நடந்தது. பல வடிவங்களில் வெளிவந்ததால் போலி என்ற ஐயம் பரவியது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும் ஐயம் எளிதில் தீரவில்லை. நம் பங்குகளில் உண்டியல் எண்ணுவோருக்கு இது நன்கு தெரியும்: நாணயங்களை நூறு நூறாகப் பையில் கட்டி வங்கி வாசலில் காத்திருப்பது தனி நோன்பு.

இனி அட்டைக்கு வருவோம். அட்டையால் விற்கும் கடைக்காரரிடமிருந்து வங்கி ஒரு கழிவைப் பிடித்துக்கொள்கிறது. பழைய வட்டமேதான், சராப் இருந்த இடத்தில் இயந்திரம். 2012-இல் ரிசர்வ் வங்கி பற்று அட்டைக்கு இக்கழிவின் உச்சவரம்பை 2,000 ரூபாய்வரை 0.75 விழுக்காடு, அதற்குமேல் 1 விழுக்காடு என்று வரையறுத்தது. 2018 ஜனவரி முதல், ஆண்டுக்கு 20 இலட்சம் ரூபாய்வரை விற்கும் சிறு வணிகருக்கு அது 0.40 விழுக்காடாகக் குறைந்தது. 2020 ஜனவரி முதல் ரூபே பற்று அட்டைக்கும் யு.பி.ஐ. முறைக்கும் கழிவே கிடையாது என்று சட்டம் ஆயிற்று. கடன் அட்டைக்கு மட்டும் அத்தகைய வரம்பு இல்லை. அங்கே இரண்டு விழுக்காடு அளவில் போவது இயல்பு.

தொட்டால் போதும் என்னும் அட்டை சிறிய செலவுக்கென்றே உருவானது. இரகசிய எண்ணின்றி 2,000 ரூபாய்வரை செலுத்தலாம் என்று 2015-இல் ரிசர்வ் வங்கி இசைந்தது; 2021 ஜனவரி முதல் அது 5,000 ஆயிற்று. ஆக மேலே ஒரு கூரையை அரசு கட்டியது. கீழே ஒரு வாசற்படியைக் கடைக்காரர் கட்டினார். சிறியவற்றுக்காக வந்த கருவி சிறியவற்றை வெளியே நிறுத்தியது. அமெரிக்காவில் கழிவோடு ஒவ்வொரு விற்பனைக்கும் தனியே சில சென்ட் கூலியும் பிடிப்பதால் சிறு விற்பனை உண்மையிலேயே நட்டமாகும். ஆதலால் கடன் அட்டைக்குக் கடைக்காரர் பத்து டாலர்வரை குறைந்த அளவு வைக்கலாம் என்று 2010-இல் அந்நாடு சட்டமே இயற்றியது. அங்கே அதற்கொரு கணக்கு உண்டு. நம் கடைவீதியில்?

நாம் அக்கடைக்காரரிடம் சற்றுப் பேசினோம். அவர் கல்நெஞ்சர் அல்லர். தம் துயரை முறையாகவே எடுத்துரைத்தார். இயந்திரத்துக்கு மாத வாடகை. தாள் சுருளுக்குச் செலவு. இன்று விற்ற பணம் மறுநாளே கணக்கில் ஏறும், மொத்த வியாபாரியோ இன்றே கேட்பார். “கடன் அட்டையில ரெண்டு பர்சென்ட் போயிடுது சார். சின்ன பில்லுக்கெல்லாம் போட்டா என்ன மிஞ்சும்?” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. புயலடித்தால் கருவியும் வேலை செய்யாது என்பதையும் இம்மாவட்டத்தார் அறிவர். 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலுக்குப் பின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. வாடகைக்கு எடுத்த ஒரு பொருளைச் சுமையாகவே அவர் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆயினும் அந்த 64 ரூபாயைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அரசு விலை வரையறுத்த மருந்துகளுக்குச் சில்லறை வணிகரின் பங்கு 16 விழுக்காடு. அதன்படி 64 ரூபாய் மாத்திரையில் அவருக்கு ஏறக்குறைய 8 ரூபாய் நிற்கும். வாங்குபவர் கடன் அட்டை தந்தால் அதில் 1 ரூபாய் 28 காசு போகும். சாதாரணப் பற்று அட்டை என்றால் சிறு வணிகருக்கு 26 காசு. ரூபே பற்று அட்டை என்றால் ஒன்றுமே இல்லை. மூதாட்டி நீட்டிய அட்டையின் மூலையில் ரூபே என்றே பொறித்திருந்தது. அதாவது, வசதி படைத்தோர் தம் கடன் அட்டையில் சலுகைப் புள்ளிகள் சேர்ப்பதால் கடைக்காரருக்கு உண்டாகும் செலவை ஈடுகட்டும் பொருட்டு எழுதிய தாள், எந்தச் செலவும் வைக்காத ஒரே அட்டையைத் திருப்பி அனுப்பியது. தாளுக்கு அட்டைகளின் வேற்றுமை தெரியாது, கடைக்காரருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாம் சொன்னபோது, “அப்படியா?” என்று ஐயத்தோடு கேட்டார்.

தேநீர்க் கடையில் பன்னிரண்டு ரூபாய்க்குக் கைப்பேசியால் செலுத்துகிறார்களே, அங்கே எந்தத் தாளும் ஒட்டவில்லையே என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான். கட்டங்கள் அச்சிட்ட அட்டையை மாட்டி வைப்பதற்கு வாடகையும் இல்லை, கழிவும் இல்லை. செலவு மறைந்துவிடவில்லை, வங்கிகளும் அரசும் அதைச் சுமக்கின்றன. 2,000 ரூபாய்வரையான யு.பி.ஐ. விற்பனைக்குச் சிறு வணிகர் தரப்பை ஊக்குவிக்க 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் நடுவண் அமைச்சரவை இசைவளித்தது. ஆனால் அவ்வழி செல்ல விலையுயர்ந்த கைப்பேசியும், அதைப் படிக்கும் கண்ணும், பயமற்ற விரலும் வேண்டும். கட்டணமில்லாப் பாதை ஒன்று திறந்ததும், நடக்க வல்லோர் அதில் போய்விட்டனர். பழைய பாதையில் எஞ்சி நிற்போர் யார் என்று பார்த்தால், அட்டை மட்டும் வைத்திருக்கும் முதியவர்களும், எழுத்தறியாத பெண்களுமே.

அவர்கள் கைக்கு அட்டை எப்படி வந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. நூறு நாள் வேலைக் கூலி வங்கிக் கணக்கில் ஏறியது. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் கணக்கில்தான் ஏறியது. அதற்கென அட்டைகளும் தரப்பட்டன. கணக்கில் குறைந்த இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அத்தொகையிலிருந்தே அபராதம் பிடித்ததும், மாநில நிதியமைச்சர் அதைக் கண்டித்ததும் அம்மாதத்துச் செய்தி. ஆயிரம் ரூபாய் பெறும் ஒருவருக்கு 200 ரூபாய் என்பது மாதத்தின் ஐந்தில் ஒரு பங்கு. அவர் கடைக்குப் போவது ஒரு முறைக்கு நாற்பதும் அறுபதுமாக. சிறுகச் சிறுக வாங்குவது அவர் அறியாமையன்று. கையிருப்புக்கு ஏற்ற கணக்கு. குறைந்த அளவு என்னும் படி அந்தக் கணக்கையே கலைக்கிறது.

பணப்பொறிக்குப் போய்ப் பணமாக எடுத்துக்கொள்ளலாமே என்றும் சிலர் கூறுவர். பொறியில் ஐந்நூறு ரூபாய்த் தாள் மட்டும் இருக்கும் நாளில், கணக்கில் 480 ரூபாய் வைத்திருப்பவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். இது பரவலான குறையாகவே இருந்தமையால்தான் 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, நூறு அல்லது இருநூறு ரூபாய்த் தாள்களைத் தரும் பொறிகள் அவ்வாண்டு செப்டம்பர் இறுதிக்குள் முக்கால் பங்காகவும், 2026 மார்ச் இறுதிக்குள் நூற்றுக்குத் தொண்ணூறாகவும் இருக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு ஆணையிட்டது.

சில வாரங்களுக்குப் பின் அதே மருந்துக்கடைக்கு நாம் மீண்டும் சென்றோம். தாள் அங்கேயே இருந்தது. 200 என்பதைப் பேனாவால் அடித்து 100 என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே, வேறொரு கையெழுத்தில், ‘ரூபே கேட்கவும்’ என்றிருந்தது. மூதாட்டி வந்தாரா என்று கேட்டோம். அதற்குப் பிறகு வரவில்லை என்றார் கடைக்காரர்.